பெயர் மட்டும் இருக்கிறது

காலையில் கண் விழித்ததும் நாச்சிமுத்து கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்.

“கமலம், அண்ணன் வந்துருச்சா?”

மனைவி செங்கமலம் காபி டம்ளரை ஸ்டூல் மேல் வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்காருவாள். ஆரம்பத்தில் பொய் சொல்லிப் பார்த்தாள். பொள்ளாச்சிக்குப் போயிருக்கிறார், சாயங்காலம் வருவார் என்றாள். அன்றைக்கெல்லாம் மனிதர் வாசல் கேட்டைப் பார்த்தபடியே இருந்தார். ஒரு வாய் சோறு இறங்கவில்லை. அதற்கு உண்மையே தேவலை என்று அடுத்த நாளிலிருந்து உண்மையைச் சொல்ல ஆரம்பித்தாள்.

“அண்ணன் இல்லீங் மாமா. தை மாசமே தவறிட்டாருங்.”

நாச்சிமுத்து அவள் முகத்தையே பார்ப்பார். வாய் கோணும். அப்புறம் அழுகை வரும். பெரிய ஆண்பிள்ளை ஒருவர் அப்படி அழுவதை ஒரு தடவை பார்த்தாலே தாங்காது, அவள் தினமும் பார்த்தாள். அழும்போது இடது கை துண்டைத் தேடும். வலது கை மட்டும் கட்டிலுக்குப் பக்கத்தில், உள்ளங்கை கீழே பார்க்க, காற்றில் அப்படியே நிற்கும். பக்கவாதம் வந்த கை அப்படித்தான் நிற்கும் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருந்தார்.

யாருக்கும் ஒரு சாவுக்கு ஒரு தடவை இழவு விழும். இந்த வீட்டில் தினமும் விழுந்தது.

பக்கவாதத்துக்குப் பிறகு அவருடைய காதுக்குப் பின்னால் ஒரு கருவி பொருத்தியிருந்தார்கள். அதற்குக் கம்பெனி வைத்த பெயர் நீளமானது, ஊர் அதைத் துணை என்று சுருக்கிக்கொண்டது. யார் மனைவி, யார் அண்ணன், யார் பால்காரர் என்று மூளை மறந்துவிட்டதையெல்லாம் துணைதான் எடுத்துக் கொடுக்கும். ஆள் ஒன்றுக்கு ஒரு மாட்யூல். முகம், குரல், பழக்கம், பட்ட கடன், போட்ட சண்டை எல்லாம் அதற்குள். ராத்திரி அவர் தூங்கும்போது துணை சார்ஜ் ஏறும், காலையில் புதிதாகத் தொடங்கும். அது எடுத்துக் கொடுக்கும் ஆட்களைப் பற்றிப் பகலில் காதில் விழுந்த புதுச் சங்கதி எதுவும் மறுநாள் தங்காது. ஆகவே விடியும்போதெல்லாம் ராசப்பன் அண்ணன் உயிரோடு இருந்தார்.

அண்ணனுடைய மாட்யூலில் இறந்துவிட்டார் என்று ஒரு வரி எழுதி மறுபடி ஏற்றினால் போதாதா என்று யாரும் கேட்கலாம். செங்கமலமே அதைச் செய்து பார்த்தவள்தான். மறுபடி ஏற்றும்போது பழையது அழிவதில்லை, புதியது அதன் மேலே வந்து விழுகிறது, அவ்வளவுதான். அன்று காலையில் நாச்சிமுத்துவின் தலைக்குள் அண்ணன் செத்தும் போயிருந்தார், சாயங்காலம் வரவும் போகிறார். இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருந்த அந்தப் பகல் முழுவதும் அவர் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவரேறிக் குதித்து வந்தார்கள். அந்த வரியை அவளே எடுத்துவிட்டாள்.

மிச்சம் இருந்த வழி ஒன்றுதான். கம்பெனி அதற்கு ஆறுதல் சேவை என்று பெயர் வைத்திருந்தது. செத்தவரின் மாட்யூலையே எடுத்துவிடுவார்கள். அண்ணன் என்று ஒருவர் இருந்ததே தெரியாமல் போனால் காலையில் யாருக்காக அழுவது? செங்கமலம் விண்ணப்பத்தை எழுதி, அந்தப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் ஷாஜகானிடம் கொடுத்தாள். அவர் இன்னும் ஒப்புதல் தரவில்லை. நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று இழுத்துக்கொண்டே இருந்தார்.

அவளுக்கு அதுதான் புரியவில்லை. பீளமேட்டில் இருக்கும் அந்தக் கம்பெனியில் இருவரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். ஷாஜகான் இழுத்தடிக்கிற ஆள் இல்லை.

செங்கமலத்தின் வேலை அந்தக் கட்டடத்தில் பாதிப் பேருக்குப் புரியாதது. துணைக்குள் ஓடும் மென்பொருளின் மேல்தட்டு, படித்தால் எளிதில் விளங்குகிற நிரல்மொழியில் எழுதப்பட்டது. அதற்கு அடியில், வீட்டுக்கு அஸ்திவாரம் மாதிரி, சி மொழி. மேலே இருந்து இன்ன ஆளைக் கொண்டுவா என்று கேட்டால், அடியில் இருக்கும் சி வரிகள்தான் போய்த் தேடி எடுத்து வரவேண்டும். ஒரு தடவை எடுத்து வந்துவிட்டால் பெயரை ஓர் அட்டவணையில் பதிந்து வைத்துக்கொள்ளும். அப்புறம் அந்தப் பெயரை எத்தனை முறை கேட்டாலும் அட்டவணையில் இருப்பதையே தூக்கிக் கொடுக்கும். லோடர் என்று சொல்வார்கள். லோடர் முழுவதும் அவள் எழுதியது.

எழுதியவளின் தலையிலும் அது ஓடிக்கொண்டிருந்தது. சில வருடங்களுக்கு முன்னால் மழைக்காலத்தில் கோயம்புத்தூரைப் புரட்டிப் போட்ட மூளைக் காய்ச்சல் அவளையும் விடவில்லை. பிழைத்து எழுந்தபோது பாதி முகங்கள் போயிருந்தன, துணை வைத்துத்தான் திரும்பக் கிடைத்தன. மற்ற முகங்களும் அவற்றைப் பற்றிய புதுச் சங்கதிகளும் அவள் சொந்த மூளையிலேயே தங்கின. இப்போது எல்லாம் சரி. சின்னச் சின்னக் கிறுக்கு மட்டும் மிச்சம். சாயங்காலம் தெருவில் பள்ளி வேன் ஹாரன் அடித்தால் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டருகே போய் நிற்பாள். வேன் போகும். திரும்பி வந்து அடுப்பைப் பற்றவைப்பாள். ஹோட்டலில் இரண்டு பேருக்குச் சொல்லிவிட்டு, காரமில்லாமல் ஒன்று என்று வாய் தானாகச் சேர்த்துவிடும். காய்ச்சல் எதையோ அரைகுறையாகத் தின்றுவிட்டுப் போயிருக்கிறது என்று அவள் சிரித்துக்கொள்வாள்.

அன்றைக்குக் காலையில் வேலாத்தாள் வந்தார்.

அன்னூர்ப் பக்கம். ஐம்பது வயதிருக்கும். அதே காய்ச்சலுக்குப் பிறகு துணை வைத்தவர். மூத்த மகன் குப்புராசு கூட்டிக்கொண்டு வந்திருந்தான். புகார் வித்தியாசமானது என்பதால் ஷாஜகான் செங்கமலத்தையும் கூப்பிட்டிருந்தார்.

“என்னம்மா பண்ணுது, சொல்லுங்க” என்றாள் செங்கமலம்.

“எப்புடிச் சொல்றதுங் அம்மிணி.” வேலாத்தாள் முந்தானையைச் சுருட்டிச் சுருட்டி விரித்தார். “ஊட்டுல ஒரு ஆளு கொறையுதுங். எண்ணிப் பாத்தா எல்லாரும் இருக்காங்க. இவுங்கப்பன் இருக்காரு, இவன் இருக்கான், மருமக இருக்கா. மறுபடி எண்ணறன். எல்லாரும் இருக்காங்க. ஆனாக் கொறையுது.”

“யாருன்னு ஏதாவது தோணுதுங்களா?”

“ஒண்ணும் தோணலீங். தோணுனா அழுதுபோட்டு எந்திரிச்சுருவனே! யாருக்குன்னே தெரியாம எப்புடீங் அழுவறது? பேயடிச்சிருக்குதுன்னு மந்திரிக்கக்கூடக் கூட்டிட்டுப் போனாங்க. எனக்குக் கிறுக்குன்னு ஊரே பேசுது.” அவர் செங்கமலத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். “யாருன்னு மட்டும் சொல்லிப்போடுங் கண்ணு.”

அம்மாவுக்குப் பின்னால் நின்ற குப்புராசு வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

அவரை வெளியே உட்காரவைத்து டீ கொடுத்துவிட்டு மகனிடம் பேசினார்கள். தம்பி ஒருவன் இருந்தான். நொய்யல் பாலத்தில் பைக்கோடு விழுந்து செத்துப்போனான். அம்மா சோறு தண்ணியில்லாமல் கிடந்ததைப் பார்க்க முடியாமல் அப்பாவும் அவனும் ஆறுதல் சேவைக்குக் கையெழுத்துப் போட்டார்கள்.

“எடுத்துட்டா மறந்துருவாங்கன்னு சொன்னீங்களே” என்றான் குப்புராசு. “இப்ப மறக்கவும் இல்ல, ஞாபகமும் இல்ல. இது என்னங்க கணக்கு?”

செங்கமலம் வேலாத்தாளின் துணையைக் கணினியில் திறந்து பார்த்தாள். அட்டவணையில் தம்பியின் பெயர் இருந்தது. உள்ளே எதுவும் இல்லை. நாற்காலியைக் குப்புராசு பக்கம் திருப்பினாள்.

“உங்க தம்பி மாட்யூல எடுத்தாச்சு, அது சரிதான்” என்று மெதுவாக ஆரம்பித்தாள். “ஆனா உங்க மாட்யூல் இருக்கில்லீங்களா, அதுல ‘தம்பியக் கொண்டா’ன்னு ஒரு வரி இருக்கும். உங்கப்பா மாட்யூல்லயும் இருக்கும். தம்பி இல்லாத அண்ணன் ஏது, மகன் இல்லாத அப்பன் ஏது? அவங்கள ஏத்தும்போதெல்லாம் லோடர் தம்பியத் தேடிட்டுப் போகும்.”

“போய், இல்லைன்னு வந்துர வேண்டியதுதான?”

“மொதல்ல அப்படித்தான் இருந்துச்சு. வெறுங்கையோட திரும்பி வரும். அது வெறுங்கையோட வந்தா, கேட்ட மாட்யூலும் பாதியிலயே நின்னுபோகும். தம்பிய எடுத்த அன்னைக்கே உங்கம்மாவுக்கு உங்களையும் அடையாளம் தெரியாமப் போயிருக்கும். அதனால…” அவள் நிறுத்தினாள். ஷாஜகான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அதனால நான் ஒரு வரிய மாத்தினேன். கேட்ட பேர் இல்லைன்னா, அதே பேர்ல காலியா ஒரு மாட்யூல உண்டாக்கி அதையே கொடுத்துடு, அப்படின்னு.”

குப்புராசு யோசித்தான். “அப்ப எங்கம்மா தலைக்குள்ள தம்பி இருக்கான்னு இருக்குது. ஆனா தம்பி இல்ல.”

“பேர் மட்டும் இருக்கு.”

“பேரே அவிங்களுக்குத் தெரியலீங்களே.”

“பேர் லோடருக்குத் தெரியும். உங்கம்மாவுக்கு இடம் மட்டும் தெரியுது.”

அவன் எழுந்து போய்விட்டான். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அந்த மாதிரி எழுத இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நேர்மையான வழி: தேடிப் போகும், கிடைத்தால் கொண்டுவரும், கிடைக்காவிட்டால் தோற்றேன் என்று சொல்லும். இன்னொன்று தோற்கவே தோற்காது. இருந்தால் கொடுக்கும், இல்லாவிட்டால் உண்டாக்கிக் கொடுக்கும். உண்டாக்கியதற்குள் என்ன இருக்கிறது என்பது அதன் கவலை இல்லை. சோதனைகளில் தோல்வியைக் காட்டும் சிவப்பு வரக்கூடாது என்று மேலிருந்து நெருக்கிய நாளில் செங்கமலம் முதலாவதை அடித்துவிட்டு இரண்டாவதைப் போட்டாள். அன்றே எல்லாம் பச்சையாகிவிட்டது. கைதட்டி, சால்வை போட்டு, கண்ணாடியில் ஒரு நினைவுப் பரிசும் கொடுத்தார்கள். அது இன்னும் அவள் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. தோல்வியை ஒழித்துவிட்டதாக அவள் நம்பினாள். மென்பொருள்காரர்களுக்கே உரிய நம்பிக்கை அது. திரையில் தெரியாவிட்டால் அது நடக்கவில்லை.

“எத்தன பேர் தலையில இப்படிக் காலிப் பேர் இருக்குதுன்னு பாக்கணும், ஷாஜி” என்றாள்.

“எதுக்கு இப்ப? பொறுமையாப் பாத்துக்கலாம்.”

“என்ன பொறுமை? நான் எழுதுன வரி. அந்தம்மாவ மந்திரிக்கக் கூட்டிட்டுப் போயிருக்காங்க!”

மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்காமல் ஒரு சின்ன நிரல் எழுதினாள். இதுவரை எல்லாரும் லோடரிடம் இன்னார் இருக்கிறாரா என்று மட்டும்தான் கேட்டிருக்கிறார்கள், அதுவும் ஆமாம் என்று சொல்லியிருக்கிறது. யார் யார் காலியாக இருக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. இந்த நிரல் அதைக் கேட்கும்.

கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் புது நிரலையும் வாடிக்கையாளர் தலையில் ஓட்டுவதற்கு முன்னால் எழுதியவர் தன் தலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். துணை இல்லாத பொறியாளர்களுக்குச் சோதனைக்கென்று ஒன்றை ஒட்டிவிடுவார்கள். ‘தன் தலை முதல்’ என்று லிஃப்டுக்குப் பக்கத்தில் எழுதியே வைத்திருந்தார்கள். செங்கமலம் கம்பியை எடுத்துக் காதுக்குப் பின்னால் மாட்டப்போனாள்.

“இருங்க, என்னோடதுல ஓட்டுவோம்.” ஷாஜகான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். “நான் சோதனைக்கு ஒண்ணு ஒட்டிக்கறேன்.”

“எழுதுனது நானு. விதி உங்களுக்குத் தெரியாதா?”

“விதி கெடக்குது. எங்கிட்ட ஓட்டுங்க. சொன்னாக் கேளுங்க செங்கமலம்.”

அவர் குரல் உயர்ந்து அவள் கேட்டதே இல்லை. இவருக்கு இன்றைக்கு என்ன வந்தது என்று நினைத்தபடியே அவள் கம்பியை மாட்டி நிரலை ஓட்டினாள். ஒன்றுமில்லை என்றுதான் வரும். அவள் தலையிலிருந்து யாரையும் யாரும் எடுக்கவில்லையே.

திரையில் ஒரு பெயர் வந்து நின்றது.

நிலவன்.

“என் நிரல்ல ஏதோ பிசகு” என்றாள் செங்கமலம். “நிலவன்னு எனக்கு யாரையும் தெரியாதே.” மறுபடி ஓட்டினாள். அதே பெயர். “காலேஜ்ல யாராவது இருந்தாங்களா? பழைய டெஸ்ட் டேட்டாவா இருக்குமோ?”

திரும்பிப் பார்த்தாள். ஷாஜகான் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வீட்டில் ஓர் ஆள் குறைகிறது, எண்ணிப் பார்த்தால் எல்லாரும் இருக்கிறார்கள்.

“யாரு ஷாஜி?”

“வேண்டாம்.”

“யாருன்னு கேக்கறேன்.”

“உங்க பையன்.”

அவளுக்கு அழுகை வரவில்லை, அதிர்ச்சிகூட வரவில்லை. பக்கத்துத் தெருவில் யாருக்கோ ஏதோ நடந்தது மாதிரிதான் இருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

“சொல்லுங்க” என்றாள்.

“காய்ச்சல் உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணாத்தான் வந்துச்சு. ஒரே ஆஸ்பத்திரி. நீங்க நெனவில்லாம இருந்தப்ப அவன் போயிட்டான். ரெண்டாம் கிளாஸ் படிச்சிட்டு இருந்தான்.” ஷாஜகான் தரையைப் பார்த்தே பேசினார். “துணை வெச்சு ஆளுகள ஏத்துனப்ப அவனையும் சேத்துத்தான் ஏத்துனோம். கண்ணத் தொறந்ததும் அவனத்தான் கேட்டீங்க. சொன்னோம். உங்களுக்கு வலிப்பு வந்துருச்சு. அடுத்த நாள் துணை புதுசாத் தொடங்குது, மறுபடி கேட்டீங்க, மறுபடி வலிப்பு. இன்னொண்ணு வந்தாப் பொழைக்கமாட்டாங்கன்னு டாக்டர் கையை விரிச்சுட்டார்.”

“கையெழுத்துப் போட்டது யாரு?”

“நாச்சிமுத்து அண்ணன்தான். போட்டுட்டு என் மேஜை மேலயே தலைய வெச்சுப் படுத்துட்டார். ‘இனி இவன நான் ஒருத்தன் சுமந்துக்கறேன் தம்பி, அவளுக்கு எந்தக் காலத்துலயும் தெரியக்கூடாது’ன்னு என் கையில அடிச்சுச் சத்தியம் வாங்கிக்கிட்டார். சொந்தக்காரங்ககிட்ட எல்லாம் ஒவ்வொருத்தர் வீடாப் போய்ச் சொல்லிட்டு வந்தார். துணிமணி, போட்டோ, பொம்மை எல்லாத்தையும் அவங்க அண்ணன் பொள்ளாச்சிக்கு எடுத்துட்டுப் போயிட்டார்.”

அந்த அண்ணன் தையில் செத்தார். வெளிநாட்டிலிருந்து வந்த அவர் மகன் தோட்டத்து வீட்டை விற்று, உள்ளே இருந்ததையெல்லாம் பழைய சாமான்காரனுக்கு அள்ளிப் போட்டுவிட்டுப் போனான். செங்கமலமும் உடனிருந்து உதவினாள். ஒரு சின்ன சைக்கிளை லாரியில் ஏற்றியது நினைவுக்கு வந்தது. யாருடையதோ என்று அவள் தன் கையாலேயே தூக்கிக் கொடுத்திருந்தாள்.

“மாமாவுக்கு ஞாபகம் இருந்திருக்குமே” என்றாள். “பக்கவாதம் வர்ற வரைக்கும்.”

“இருந்துச்சு.”

“அப்பறம்?”

ஷாஜகான் முதல் தடவையாக அவளைப் பார்த்தார். “அவருக்கு யார் யார் வேணும்னு உங்களத்தான கேட்டோம்? நீங்க சொல்லச் சொல்லத்தான் ஒவ்வொரு ஆளா எழுதுனோம். நீங்க நிலவன்னு சொல்லல. நான் சேத்துருக்கலாம். சேத்தா அவர் உங்ககிட்ட கேப்பார், ‘பையன் எங்கே’ன்னு. விட்டுட்டேன். அவர் மாட்யூல்கள்ல அந்தப் பேர் வர்ற வரியக்கூட விடல. காலிப் பேர்கூட அவர்கிட்ட இல்ல. உங்களுக்காக அவர்கிட்ட இருந்தும் எடுத்துட்டேன், செங்கமலம். அவர் கேக்காமயே.”

“பழைய பிரதி?”

“ஒரு வருஷம்தான் வெச்சிருக்கலாம். அழிச்சாச்சு.”

ஆக, ஒருவர் சுமக்கிறேன் என்றார், அவர் தலையிலிருந்தும் இறக்கி வைத்துவிட்டார்கள். பெற்றவர்கள் இருவரும் உயிரோடு இருக்க, ஏழு வயசுப் பிள்ளை ஒன்று மிச்சமில்லாமல் போய்விட்டது. சுடுகாட்டில்கூட இவ்வளவு சுத்தமாகச் செய்யமாட்டார்கள்.

“உங்கள என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல, ஷாஜி.”

“எனக்கும் தெரியல. உங்க விண்ணப்பத்த வாங்கினதுல இருந்து தூக்கமில்ல. அவர் உங்களுக்குச் செஞ்சத நீங்க அவருக்குச் செய்யறேன்னு வந்து நிக்கறீங்க. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு ஒப்புதல் போடுவேன்?” அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். “இந்தக் காலிப் பேர் விஷயத்த மேல சொன்னா என்ன சொல்வாங்க தெரியுமா? அந்தக் கொறையிற உணர்ச்சியும் தெரியாத மாதிரி ஒரு வரி எழுதிடுங்கன்னுதான் சொல்வாங்க. உங்களால முடியும். ஒரு மணி நேர வேலை. உங்களுக்கும் அதையே பண்ணிக்கலாம். அப்பறம் வேன் சத்தம் கேட்டா நீங்க எந்திரிச்சுப் போகமாட்டீங்க.”

“வேன் உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நாச்சிமுத்து அண்ணன் சொல்லியிருக்கார். ‘கேட்டுக்குக் கிட்டப் போய் நிக்கறா தம்பி, நான் ஜன்னல்லருந்து பாத்துட்டு நிக்கறேன்’னு.”

செங்கமலம் கம்பியைக் கழற்றினாள். சுருட்டி மேஜையில் வைத்துவிட்டுக் கேட்டாள்: “அவன் எப்படி இருப்பான்?”

“ஒரு தடவ இங்க கூட்டிட்டு வந்தீங்க. இந்த நாற்காலியில உக்காந்து சுத்திச் சுத்தி, என் சட்டை மேலயே வாந்தி எடுத்தான். எடுத்துட்டுச் சிரிச்சான்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. யாரோ ஒரு வீட்டுப் பிள்ளையின் சேட்டையைக் கேட்டால் வருகிற சிரிப்பு. பாதியில் அதை அடையாளம் கண்டுகொண்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

போகும் முன் வேலாத்தாளுக்குப் போன் செய்தாள். அனுமதி வாங்கவில்லை. குப்புராசு வழக்குப் போடலாம், கம்பெனி வேலையை விட்டு அனுப்பலாம். செய்யட்டும்.

“அம்மா, உங்களுக்கு இன்னொரு பையன் இருந்தானுங்க. எறந்துட்டான்.”

அந்தப் பக்கம் கோழி ஒன்று கேறியது.

“பேரு என்னங்?”

“முத்துக்குமரன்.”

“முத்துக்குமரன்” என்றார் வேலாத்தாள். ஒரு புது வார்த்தையைச் சொல்லிப் பார்ப்பது போல இருந்தது. “மொகம் வரலீங்களே அம்மிணி.”

“வராதுங்கம்மா. அதை நாங்க எடுத்துட்டோம்.”

“அப்ப எனக்குக் கிறுக்கு இல்லீங்களா?”

“இல்லீங்க.”

“அது போதுங்” என்றார். அப்புறம் அவர் அழத் தொடங்கியது கேட்டது. நாளைக்கு விடிந்ததும் இதுவும் அவருக்கு நினைவிருக்காது என்பது செங்கமலத்துக்குத் தெரியும். நாளைக்கும் போன் செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். அவள் தலையும் அதே தலைதான் என்பது அப்புறம்தான் உறைத்தது. விடிந்தால் நிலவனைப் பற்றிக் கேட்டது எதுவும் இவளுக்கும் இருக்காது. ஆறுதல் சேவைக்கான விண்ணப்பத்தை ஷாஜகானிடமிருந்து வாங்கிக் கிழித்து, அதன் முதுகில், ‘நிலவன் என் பையன். காய்ச்சலில் போய்விட்டான். ஷாஜியைக் கேள். அண்ணனை எடுக்காதே. வேலாத்தாளுக்குப் போன் பண்ணு’ என்று எழுதிக் கைப்பைக்குள் திணித்தாள். வீட்டுக்கு வந்ததும் அதைக் காபிப் பொடி டப்பாவின் மூடியில் ஒட்டினாள். காலையில் முதலில் கை போகிற இடம் அது.

காலையில் டப்பாவைத் திறக்கப்போன கை நின்றது. அவள் படித்தாள். கையெழுத்து அவளுடையதுதான். ஷாஜகானுக்குப் போன் போட்டாள். அவர் முழுவதையும் மறுபடி சொன்னார், சட்டையில் எடுத்த வாந்தி உட்பட. அவள் கேட்டு முடித்துவிட்டுக் காபி கலந்தாள்.

“கமலம், அண்ணன் வந்துருச்சா?”

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். “அண்ணன் இல்லீங் மாமா. தை மாசமே தவறிட்டாருங்.”

வாய் கோணியது. அவர் அழுதார். இந்தத் தடவை துண்டை எடுத்துக் கொடுக்காமல் அவளும் கூடச் சேர்ந்து அழுதாள். முகமில்லாத ஒருவனுக்காக அழுவது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி அழுதாள்.

அழுகை ஓய்ந்ததும் கேட்டாள். “மாமா, நிலவன்னு ஒரு பேரு. உங்களுக்கு ஏதாச்சும் தெரியுதுங்களா?”

நாச்சிமுத்து நெற்றியைச் சுருக்கி யோசித்தார். தேடுகிறார் என்பது தெரிந்தது. இந்தத் தலைக்குள் அந்தப் பெயரில் ஒரு காலி இடம்கூட இல்லை.

“இல்லையே. யாரு, உன்ற ஆபீஸ்ல வேலை செய்யறவங்களா?”

“ஆமாங்.”

“நல்ல பேரு” என்றார்.

கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவரின் வலது கை, கட்டிலுக்கு வெளியே தோள் உயரத்தில் நீண்டிருந்தது. உள்ளங்கை கீழே பார்க்க, காற்றில் நின்றது. பிசியோதெரபிஸ்ட் சொன்ன அதே கை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரல்கள் லேசாக மடங்கி விரிந்தன, தலைமுடியைக் கலைக்கிற மாதிரி. ஒரு தடவை, இன்னொரு தடவை. அவர் அதைக் கவனிக்கவில்லை. காபியை எடுத்துக் குடித்துக்கொண்டிருந்தார்.

செங்கமலம் எழுந்து போய்த் தையல் டப்பாவிலிருந்து டேப்பை எடுத்து வந்தாள். தரையிலிருந்து அந்த உள்ளங்கை வரை பிடித்துப் பார்த்தாள்.

“என்ன பண்ற?”

“ஒண்ணுமில்லீங். ஆடாம இருங்.”

அன்றைக்கு ஆபீசில் தன் காதுக்குப் பின்னால் கம்பியை மாட்டி, நிலவன் என்ற காலி மாட்யூலைத் திறந்து, உயரம் என்று ஒரே ஒரு வரி எழுதினாள். இனி அது விடியும்போதெல்லாம் ஏறும். வேறு எதுவும் அவளுக்குத் தெரியாது, தெரியாததை எழுத மனம் வரவில்லை.

சாயங்காலம் தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது. அவள் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டருகே போய் நின்றாள். கை தானாகப் பக்கவாட்டில் எழுந்து, அந்த உயரத்தில் நின்றது.

வேன் நிற்காமல் போயிற்று. அவள் திரும்பிப் பார்த்தாள். ஜன்னலுக்குப் பின்னால் நாச்சிமுத்து நின்று, ஏன் என்று தெரியாமல், அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.